இருக்கை மட்டத்துக்கு ஏறிய வெள்ளம்: சீர்காழியில் நனைந்த ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

2022 நவம்பர் 11 இரவு சீர்காழியில் பெய்த மழை, மறுநாள் காலை 8.30 மணிக் கணக்கில் 44 செ.மீ. ஐப்பசிக் கடைசி என்பதால் வயலும் வாய்க்காலும் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன. கடலை ஒட்டிய டெல்டாவில் முகத்துவாரத்தில் ஓதம் (கடல் மட்ட ஏற்றம்) நிற்கும் நேரமெல்லாம் வடிகால் தண்ணீர் இறங்காது. தாழ்வான நகர்களில் நிறுத்தியிருந்த கார்கள் அதனால் நனைந்ததோடு தப்பவில்லை, மணிக்கணக்கில் ஊறின. அப்படி ஊறிய ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு.

வண்டியும் தண்ணீர் மட்டமும்

2017 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல். போர்டிகோவில் நின்ற இடத்திலேயே நனைந்தது, யாரும் ஓட்டவில்லை. கதவின் உட்பக்க அட்டையில் வண்டல் கோடு தெளிவாக விழுந்திருந்தது. தரையிலிருந்து அளந்தால் 53 செ.மீ. காருக்குள் விரித்த மேட்டுக்கு (கார்ப்பெட்) அடியில் இருக்கும் தகடு தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். ஆக, வண்டிக்குள் 23 செ.மீ. தண்ணீர் ஒன்றரை நாள் நின்றிருக்கிறது.

இந்த அளவை எடுக்காமல் ஒரு ஸ்பேனரையும் தொடக்கூடாது. கோட்டுக்குக் கீழே எது, மேலே எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த வண்டியில் ஆயில் சேம்பர், கியர் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கீழ்ப்பாதி, சைலன்சர், நான்கு வீல்கள், முன் இருக்கைகளின் அடிப்பாகம், ஏர்பேக் மாட்யூல் (ஏர்பேக் விரிவதைக் கட்டுப்படுத்தும் பெட்டி), சீட் பெல்ட் சுருள்கள் எல்லாம் தண்ணீருக்குள் இருந்தன. பேட்டரி, இன்ஜின் ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), ஃபியூஸ் பாக்ஸ், பவர் ஸ்டியரிங் மோட்டார் மேலே தப்பின. காற்று உறிஞ்சும் குழாயின் வாய் 70 செ.மீ. உயரத்தில் இருந்ததால் அதுவும் தப்பியது.

வெள்ளக் கார் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, 'இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருச்சா?' இந்த வண்டியில் அதற்கு அரை நாளில் பதில் கிடைத்துவிட்டது. பில்லில் பெரும்பகுதியையும், பட்டறையில் நின்ற நாட்களில் பெரும்பகுதியையும் விழுங்கியது மேட்டுக்கு அடியில் இருந்ததுதான்.

முதல் சில மணி நேரம்

உரிமையாளர் காலை 7 மணிக்குத் தண்ணீரில் இறங்கிப் போய், 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டார். 'ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்க மாமா' என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. வண்டி பிழைத்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம். ஆனால் தண்ணீர் உள்ளே ஏறியது நள்ளிரவு தாண்டி. முனை கழன்றது காலையில். இடைப்பட்ட அந்த ஐந்தாறு மணி நேரம் பிறகு வேலை காட்டியது.

செய்யாமல் விட்டது ஒன்று: ஹேண்ட்பிரேக்கை இறக்கவில்லை. பின் டிரம்முக்குள் லைனிங்கும் டிரம்மும் ஈரத்தோடு அழுந்தி இருந்தால் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் நிறுத்தும் வண்டியை முதல் கியரில் போட்டு, வீலுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுவது நல்லது.

பானெட்டைத் திறக்குமுன் நன்றாகத் தட்டிவிட்டு, சற்று நேரம் கழித்துத் திறக்க வேண்டும். வயலில் தண்ணீர் ஏறினால் பாம்புக்கு இன்ஜின் மேல்தான் உலர்ந்த இடம். எலிக்கும் அங்கேதான் அடைக்கலம், அதன் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் வரும். ரப்பர் கையுறையும் கம்பூட்டும் இல்லாமல் சேற்றுக்குள் கைவிட வேண்டாம், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

இன்சூரன்ஸ்

ஊரே மூழ்கிய சமயத்தில் சர்வேயர் உடனே வந்துவிட மாட்டார். 'அவர் வரும்வரை எதையும் தொடாதே' என்று நம்பி, ஈர மேட்டோடு வாரக்கணக்கில் விட்டுவைப்பதால் கெட்டுப்போகும் வண்டிகள் அதிகம். பாலிசி விதியே வேறு மாதிரி இருக்கிறது. வண்டிக்கு மேலும் சேதம் வராமல் நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுப்பது உரிமையாளரின் பொறுப்பு. பழுதோடு ஓட்டியதால் கூடுதலாக வரும் சேதமும் அவர் தலையில்தான்.

இங்கே செய்த முறை: தண்ணீர் நிற்கும்போதே நான்கு பக்கமும் படம். வடிந்ததும் வண்டல் கோட்டின் மேல் டேப் ஒட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம். ஓடோமீட்டர், சேசிஸ் எண், இருக்கை அடி, டிக்கியில் ஸ்டெப்னி குழி எல்லாவற்றுக்கும் படம். கிளெய்ம் எண் பதிந்து, 'ஈரத்தை உலர்த்த இருக்கை, மேட் ஆகியவற்றைக் கழற்றுகிறோம், கழற்றிய எல்லாம் பாதுகாப்பாக இருக்கும்' என்று மின்னஞ்சல். அதன் பிறகு கழற்றல். கழற்றிய எதையும் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப்போடவில்லை.

தேர்டு பார்ட்டி பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றில் பாதியைக் கழித்துத்தான் தருவார்கள், இந்தக் கழிவு வேண்டாம் என்று தனியாக எடுக்கும் ஜீரோ டெப் இருந்தால் தவிர. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' கணக்கு: ஐ.டி.வி. 4,00,000 என்றால் எல்லை 3,00,000. இந்த வண்டி அதற்குள் நின்றது.

இன்ஜின்

வண்டி பட்டறைக்கு ரெக்கவரி வண்டியின் மேல் ஏறி வந்தது. கயிறு கட்டி இழுத்தால் வீலோடு கியர் பாக்ஸும் சுற்றும், உள்ளே இருப்பது எண்ணெயா தண்ணீரா என்று தெரியாமல் சுற்ற விடக்கூடாது.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது காகிதம் உலர்ந்திருந்தது, குழாயில் சேறு இல்லை. அப்படி இருந்தும் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் முட்டவில்லை, துளைகளில் தண்ணீர் வரவில்லை.

சேம்பரின் டிரெயின் போல்ட்டைத் திறப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. வண்டியை ஓர் இரவு அசையாமல் நிறுத்தினால் தண்ணீர் கனத்தால் அடியில் தங்கும். காலையில் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினால், இருக்கிற தண்ணீர் எண்ணெய்க்கு முன்னால் தனியாகச் சொட்டும். இதில் முதல் சொட்டே எண்ணெய்தான். என்றாலும் ஃபில்டரோடு மாற்றியாயிற்று. மூன்றேகால் லிட்டர் எண்ணெயை மிச்சப்படுத்தி பேரிங்கைப் பணயம் வைப்பது கணக்குத் தெரியாத வேலை. 500 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை மாற்றினோம்.

கியர் பாக்ஸ் தப்பவில்லை. அதன் தலையில் உள்ள சிறிய மூச்சுத்துளை கோட்டுக்குக் கீழே இருந்தது. வடித்த 2 லிட்டரும் பால் டீ நிறம். புது 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றி, 100 கி.மீ. ஓட்டி, திரும்ப வடித்தபோது லேசான மங்கல் இருந்தது, மூன்றாவது ஊற்றலில்தான் எண்ணெய் தெளிவாக நின்றது. ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் கதை வேறு. கிளட்ச் தட்டுகளின் காகித லைனிங் தண்ணீரில் ஊறி உரியும், எண்ணெய் மாற்றுவதோடு போகாது.

இதே தெருவிலிருந்து வந்த இன்னொரு வண்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் 1.2 லிட்டர் பெட்ரோல்தான். தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறும்போதே மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஓட்டியிருக்கிறார்கள். நிற்கும் வண்டிக்கு 50 செ.மீ. தண்ணீர் என்றால், ஓடும் வண்டியின் மூக்கில் அது அலையாக எழும்பி 70 செ.மீ. குழாய் வாயைத் தொட்டுவிடும். வண்டி நடுத்தெருவில் நின்றது. அதன் பிறகு பலமுறை செல்ஃப்.

1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் என்றால் சிலிண்டருக்கு 300 கன செ.மீ. கம்ப்ரஷன் விகிதம் 11 என்றால், பிஸ்டன் மேலேறி முடிக்கும்போது மிச்சமிருக்கும் இடம் 30 கன செ.மீ. தான். அதைவிட ஒரு வாய் தண்ணீர் அதிகம் புகுந்தாலும் அழுந்த இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் 20 கன செ.மீ. சுற்றிலேயே முடிந்துவிடும். அந்த வண்டி உலர்த்திய பிறகு ஸ்டார்ட் ஆனது, அதுதான் ஏமாற்று. கம்ப்ரஷன் பார்த்தால் மூன்று சிலிண்டரில் 175 பி.எஸ்.ஐ. அளவில், ஒன்றில் 135. பிளக் துளை வழியே அளந்தால் அந்தப் பிஸ்டன் மற்றவற்றைவிட 2 மி.மீ. கீழே நின்றது. வளைந்த ராடோடு ஓட்டிக்கொண்டே போனால் ஒருநாள் ராடு முறிந்து பிளாக்கைத் துளைக்கும். இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு சேர்க்காத பாலிசி என்பதால் இன்ஜின் செலவு முழுக்க உரிமையாளருடையது.

மேட்டுக்கு அடியில்

இனி முதல் வண்டியின் உட்புறம். முன் இருக்கைக்கு நான்கு போல்ட், சாக்கெட் 14 மி.மீ. இருக்கையை அசைக்குமுன் ஏர்பேக் மாட்யூலைப் பார்க்க வேண்டும். பேட்டரி முனை கழன்று குறைந்தது 3 நிமிடம் ஆகியிருக்க வேண்டும், ஏர்பேக் வயரின் மஞ்சள் கப்ளர் (வயர் இணைப்பான்) எதிலும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துச் சோதிக்கக் கூடாது. மாட்யூல் கியர் லீவருக்கு முன்னால், வண்டித் தரையின் நடுவே எழும்பி ஓடும் சுரங்கத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், வெள்ளத்தில் முதலில் முழுகுவது அதுதான். அதை உலர்த்தி மாட்டும் வழக்கம் இருக்கிறது. செய்யக்கூடாத வேலை. விபத்தில் விரியாமல் போகலாம், ஓட்டும்போது விரியவும் செய்யலாம். மாட்யூலும், பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்) அடியில் முழுகியிருந்த இரண்டு முன் சீட் பெல்ட் சுருள்களும் புதிது போடப்பட்டன.

மேட்டைத் தூக்கியபோது மேல் துணி தொட்டால் உலர்ந்தது போலவே இருந்தது. அடியில் ஒட்டியிருந்த இரண்டு விரல்கடை நுரையை அழுத்தினால் சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது. படுகை வண்டல் மிக நைசான களி. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்தாலும், தகட்டை ஒட்டிய அடிப்பக்கத்தில் ஈரத்தை விடாது. கதவைத் திறந்து வைத்து வெயிலில் நிறுத்தினால் உலர்ந்துவிடும் என்பது இதனால்தான் பலிப்பதில்லை.

தரைத் தகட்டின் ரப்பர் மூடிகளைப் பிடுங்கி, நல்ல தண்ணீரைத் தாழ்ந்த அழுத்தத்தில் விட்டுக் கழுவியாயிற்று. கதவடிப் படிக்குள் உள்ள பெட்டிப் பகுதிக்குத் தனியாகக் குழாய் விட்டு, வடிதுளை வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை. அந்த வடிதுளைகள் களியால் அடைத்துக் கிடந்தன, கம்பி விட்டுக் குத்த வேண்டியிருந்தது. பிரஷர் வாட்டர் சர்வீஸை வண்டிக்குள் அடிக்கக்கூடாது. கோட்டுக்கு மேலே தப்பித்த கப்ளர்களுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

கார்த்திகையில் இங்கே வெயிலை நம்ப முடியாது. மேட், இருக்கை நுரை இரண்டையும் சுத்தம் செய்து, ஏ.சி. போட்ட மூடிய அறையில் மின்விசிறியோடு வைத்ததில்தான் ஈரம் போனது, ஏ.சி. ஓடும்போது வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தாலே எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். உலர்ந்ததா என்று பார்க்க, நுரையின் மேல் ஒரு சாண் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு விட வேண்டும். காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் மாட்டக்கூடாது.

கப்ளர்கள்

கால்பக்கப் படி ஓரமாக ஓடும் வயர் கட்டில் இருந்த கப்ளர்களைத் திறந்ததும் இரண்டு வகை ஊசிகள். சில ஊசிகள் கழுவினால் போதும் என்ற நிலையில் இருந்தன. சில, துளசி இலையைக் கசக்கிப் பூசியது போலப் பச்சை பிடித்து, அடியில் கருத்து மெலிந்திருந்தன. வயரிங் படத்தோடு ஒப்பிட்டால் பச்சை ஊசிகள் எல்லாம் சாவி போடாத போதும் 12 வோல்ட் நிற்கும் இணைப்புகள்: சென்ட்ரல் லாக், உள்விளக்கு, கதவு சுவிட்ச். தண்ணீருக்குள் மின்னோட்டம் இருந்தால் பாசிட்டிவ் ஊசியின் செம்பு கரைந்து எர்த் பக்கம் போகும். அந்த ஐந்தாறு மணி நேரத்தில் இவ்வளவு. பேட்டரி முனையை மாலையிலேயே கழற்றியிருந்தால் கழுவித் துடைப்பதோடு முடிந்திருக்கும்.

சுத்தம் செய்த வரிசை: முதலில் டிஸ்டில்ட் வாட்டர், பேட்டரிக்கு ஊற்றுவதே போதும். பச்சைக்கு வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு ஒரு நிமிடம், உடனே திரும்ப டிஸ்டில்ட் வாட்டர். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஊதி உலர்த்தி, கான்டாக்ட் கிளீனர், கடைசியில் சிறிதளவு டைஎலக்ட்ரிக் கிரீஸ். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை நேராக அடித்துவிட்டு மூடுவது பலர் செய்வது. அடியில் உப்பு அப்படியே தங்கும். மெலிந்த ஊசிகளை வெட்டிப் புதிது போட்டு கிரிம்ப் செய்ய வேண்டும், முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

பேட்டரியைத் திரும்ப இணைக்குமுன் இரண்டு சோதனை. ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி. சாக்கெட்டில் 6-ஆம் ஊசிக்கும் 14-ஆம் ஊசிக்கும் இடையே 60 ஓம் இருந்தால், மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர் நலம். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. அடுத்து, நெகட்டிவ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வைப்பது. லேசாக மினுங்கி அடங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பல்பு தாங்கிக்கொள்ளும், வயரிங் எரியாது.

மற்றவை

சைலன்சரைக் கழற்றிச் சாய்த்ததில் வாளி அளவு தண்ணீர். ஆக்சிஜன் சென்சாரையும் கழற்றி உலர்த்திய பிறகே முதல் ஸ்டார்ட், ஏனென்றால் அதற்குள் இருக்கும் ஹீட்டர் சூடாகும்போது தண்ணீர் பட்டால் பீங்கான் விரிசல் விடும். பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் வைத்ததில் பிரியவில்லை. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் அரை சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் இறங்கும், 25 லிட்டருக்கு 125 மி.லி. போதும். டேங்க் தப்பினாலும் அதற்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர் ஊறிப்போனதால் மாற்ற வேண்டியதாயிற்று.

பின் டிரம்கள் எதிர்பார்த்தபடி ஒட்டியிருந்தன. சுத்தியால் சுற்றித் தட்டிக் கழற்றி, சேற்றைக் கழுவி, லைனிங் புதிது. ஆல்டர்னேட்டர், செல்ஃப் இரண்டையும் பிரித்து, பிரஷ் இடுக்கின் வண்டலை எடுத்து, பேரிங் மாற்றம். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்ஸருக்கும் நடுவே ஆகாயத்தாமரை வேரும் வைக்கோலும் பாய் மாதிரி அடைத்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, விட்டிருந்தால் சித்திரை வெயிலில் இன்ஜின் கொதித்திருக்கும்.

ஐந்து வாரம் கழித்து

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திரும்பி வந்தது. இரவில் தானாக லாக் விழுகிறது, மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி நல்லது. நெகட்டிவில் அம்மீட்டரைத் தொடரில் வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்ததில் 0.35 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. 0.05-க்குள் இருக்க வேண்டியது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இந்தக் கணக்கில் நான்கு நாளில் காலி, செல்ஃப் இழுக்கும் பலம் அதற்கு முன்பே போய்விடும்.

ஃபியூஸைப் பிடுங்கித் தேடினால் தூங்கும் மாட்யூல்கள் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். ஃபியூஸின் தலையில் உள்ள இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் பார்த்ததில் கதவுப் பூட்டு, உள்விளக்கு போன்றவற்றைக் கவனிக்கும் பாடி கன்ட்ரோல் மாட்யூல் லைன் தெரிந்தது. காரணம், வலது பி-பில்லர் அட்டைக்குள் பின் கதவுக்குப் போகும் கப்ளர். அது தரையிலிருந்து 65 செ.மீ. உயரம், வண்டல் கோட்டுக்கு 12 செ.மீ. மேலே. உலர்ந்த பகுதி என்பதால் முதல் சுற்றில் திறக்கப்படாதது. கீழே ஊறிய வயரின் செம்பு இழைகளுக்கு நடுவே, பி.வி.சி. உறைக்குள், தண்ணீர் திரி போல மேலேறி ஊசியில் சேர்ந்திருந்தது. கதவு சுவிட்ச் ஊசிக்கும் எர்த்துக்கும் இடையே பச்சைக் கசிவு. கதவு திறந்து மூடுவதாக மாட்யூல் நினைத்துக்கொண்டு தூங்கவே இல்லை. வயரைச் செம்பு பளபளக்கும் இடம்வரை, ஒரு சாண் அளவு வெட்டிப் புது வயர் சேர்த்த பிறகு மின்னோட்டம் 0.02-க்கு இறங்கியது.

ஆகவே கோட்டுக்கு மேலே குறைந்தது 20 செ.மீ. வரை உள்ள கப்ளர்களையும் திறந்து பார்ப்பதே முறை, குறிப்பாகக் கீழிருந்து செங்குத்தாக ஏறும் வயர்களில்.

உப்பு கலந்திருந்தால்

இந்தத் தண்ணீர் மழையும் வாய்க்காலும் சாக்கடையும் கலந்தது. தெருவில் தேங்கியதை ஆர்.ஓ. மெஷின்காரர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவில் பார்த்தபோது 430 பி.பி.எம். பழையாறு, திருமுல்லைவாசல், தரங்கம்பாடி பக்கம் புயலில் கடல் ஏறினால் கணக்கே மாறும். கடல்நீர் 35,000 பி.பி.எம். சுற்றில் இருக்கும், சாதாரணப் பேனா 9,990-லேயே நின்றுவிடும். இரண்டாயிரம், மூவாயிரம் காட்டினாலே அந்த வண்டியில் தரை வயர் கட்டு முழுவதையும் மாற்றும் விலையைச் சேர்த்துத்தான் எஸ்டிமேட் போட வேண்டும். பல வண்டிகள் அங்கேயே 75 சதவீதத்தைத் தாண்டும். தாண்டினால் டோட்டல் லாஸை ஏற்றுக்கொள்வது உரிமையாளருக்கு லாபம். கப்ளருக்குக் கப்ளர் துடைத்து அந்த வண்டியை எழுப்பச் சொல்கிறவர் அதை விற்கப்போகிறவராக இருப்பார்.

பழைய கார் வாங்குகிறவர் பார்க்க வேண்டியதும் இது அப்படி எழுப்பிய வெள்ளக் காரா என்பதைத்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பட்டையில் வண்டல் கோடு இருக்கிறதா, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட் தலையில் ஸ்பேனர் தழும்பு இருக்கிறதா, ஸ்டெப்னி குழியின் மூலையில் விரல் விட்டால் நைஸ் களி ஒட்டுகிறதா. புத்தம் புது மேட் போட்ட பழைய வண்டியென்றால் அந்த மேட்டைத் தூக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.